ஒரு ராத்திரி முகாமுக்கு ஒரு மாத வகுப்பு: கேள்வி-பதில்

ஆசிரியை, பொள்ளாச்சி: போன வருஷம் பிள்ளைகளை டாப்சிலிப் கூட்டிப் போய் ஒரு ராத்திரி தங்க வெச்சுக் கூட்டி வந்தோமுங்க. வந்ததும் கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது பேரும் "காலை ஆறு மணிக்குப் பேருந்து கிளம்பியது" என்று ஆரம்பித்து "மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்" என்று முடித்திருக்கிறார்கள். எங்கே தப்பு?

பிள்ளைகள் மேல் தப்பில்லைங்க டீச்சர், தலைப்பு மேல்தான். "நான் சென்ற சுற்றுலா" என்று கேட்டால் பேருந்துதான் வரும். வந்தபின் கேட்ட கேள்வியைப் போகும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இந்த முறை கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு பாடவேளையை ஒதுக்குங்க. ஆளுக்கொரு துண்டுத்தாளில் ஒரு கேள்வி. அங்கே போய்ப் பார்த்தால் மட்டுமே பதில் கிடைக்கும் கேள்வியாக இருக்க வேண்டும், புத்தகத்திலோ போனிலோ கிடைத்துவிடக் கூடாது. சேத்துமடை சோதனைச்சாவடி தாண்டி மேலே ஏறும்போது எந்த வளைவில் காது அடைக்கிறது? கரியன் சோலைக்குள் நுழைந்ததும் சட்டைக் கையை இறக்கிவிடத் தோன்றுகிறதா? இருவாச்சி தலைக்கு மேலே பறந்தால் இறக்கைச் சத்தம் எத்தனை தூரத்துக்குக் கேட்கிறது? ராத்திரி முதலில் கத்துவது எது, எத்தனை மணிக்கு? முதல் முயற்சியில் பாதிப் பேர் "யானை என்ன சாப்பிடும்?" என்றுதான் எழுதுவார்கள். திருப்பிக் கொடுங்க. "எந்தச் செடியைச் சாப்பிடும்போது மண்ணைத் தட்டிவிட்டுச் சாப்பிடுகிறது?" என்று அது மாறும் வரை விடாதீங்க. யானை புல்லைப் பிடுங்கினால் காலில் அடித்து மண்ணை உதிர்க்கும். அதை நேரில் பார்க்கிற பிள்ளைக்கு எழுத வார்த்தை தேட வேண்டியதில்லை.

திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில். பதில் கிடைக்காமல் போன பிள்ளை, எங்கெங்கே தேடினேன் என்று எழுதட்டும். அதற்கும் முழு மதிப்பெண் போடுங்க. நாற்பது பக்கத்தையும் நூலால் தைத்தால் டாப்சிலிப் பற்றி எந்தக் கடையிலும் விற்காத ஒரு புத்தகம் உங்கள் வகுப்பில் இருக்கும். அடுத்த வருஷம் போகிற பிள்ளைகளுக்கு அதுதான் பாடநூல்.

ஏழாம் வகுப்பு மாணவன், அன்னூர்: முகாமுக்கு செல்போன் ஏன் கொண்டு வரக்கூடாது? போட்டோ எடுக்க வேண்டாமா?

எடுக்கலாம் கண்ணு, உங்க சார் ஒருத்தர் எடுத்தால் போதும். நீ பென்சில் கொண்டு போ. ஒரு இலையை வரைய பத்து நிமிஷம் அதையே பார்க்க வேண்டும். போட்டோ எடுக்கிறவன் ஒரு நொடிதான் பார்க்கிறான். வரையத் தெரியாதே என்கிறாயா? இப்போதிருந்து தினமும் பள்ளி வேப்பமரத்து இலை ஒன்று. முகாமுக்குள் கை பழகிவிடும்.

கணக்கு ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்: அறிவியல், தமிழ், சமூக அறிவியல் எல்லாவற்றுக்கும் முகாமில் வேலை இருக்கிறது. கணக்குக்கு என்னங்க இருக்கிறது?

அதிகமாக இருப்பதே உங்களுக்குத்தானுங்க.

ஆசிய யானையின் முன்காலடியைச் சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். யானைக்கு வெகு அருகில் போகாமலே, ஈர மண்ணில் பதிந்த தடத்தை மட்டும் வைத்து, போன யானை குட்டியா, பெரியதா என்று சொல்லக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது உதவுகிறது. இதை முகாமுக்கு முன்பே வகுப்பில் செய்து பாருங்க. 135 சென்டிமீட்டர் கயிறு ஒன்றை வெட்டி, முனைகளைச் சேர்த்துத் தரையில் வட்டமாகப் போடச் சொல்லுங்க. குறுக்களவு எவ்வளவு? 135-ஐ 3.14-ஆல் வகுத்தால் சுமார் 43 சென்டிமீட்டர். இரண்டு பேர் ஜோடி ஜோடியாக அந்த வட்டத்துக்குள் நின்று பார்க்கட்டும், நான்கு பாதமும் தாராளமாக அடங்கும். அப்புறம் சுவரில் 270 சென்டிமீட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு. பெஞ்சு மேல் ஏறினால்தான் கை எட்டும். வகுப்பில் உயரமான பையன் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும்போது மற்றவர்கள் முகத்தைப் பாருங்க. 'வட்டத்தின் சுற்றளவு' என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முகாமில் இதைத் தடத்தில் மட்டும் அளக்க வேண்டும். வனக்காவலர் சரி என்று சொன்ன இடத்தில், அவர் பக்கத்தில் நிற்கும்போது. கோழிகமுத்தி யானைகள் முகாமில் கேட்டால் பாகன்கள் தங்கள் யானைகளைப் பற்றிச் சொல்வார்கள். கலீம் என்ற கும்கியைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்க. ஊருக்குள் வந்த எத்தனையோ காட்டு யானைகளைப் பிடிக்கவும் இடம் மாற்றவும் உதவிய அது, 2023-ல் 60 வயதில் ஓய்வு பெற்றது. வனத்துறையினர் சல்யூட் அடித்து வழியனுப்பினார்கள்.

இன்னொன்று, சமையல். முகாமில் ராத்திரிக்கு நம்ம ஊர் அரிசிம்பருப்பு சாதம் என்றால் சாமான் பட்டியலைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்க. ஒருத்தருக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தால் 40 பேருக்கு 4 கிலோ. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு என்றால் பருப்பு எவ்வளவு? சின்ன வெங்காயம் எவ்வளவு, உரிக்க எத்தனை பேர், எத்தனை நிமிஷம்? விகிதமும் நேர்-எதிர் விகிதமும் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். கணக்கில் தப்பினால் அன்று ராத்திரியே வயிறு சொல்லிவிடும்.

ஒரு தாய், ஈரோடு: எட்டாவது படிக்கிற மகளை ராத்திரி தங்க அனுப்ப மனசு ஒப்பவில்லை. "எல்லாரும் போறாங்கம்மா" என்று அழுகிறாள். அனுப்பலாமா?

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்.சி.சி. பெயரைச் சொல்லிப் போலியாக நடத்தப்பட்ட முகாமில் மாணவிகளுக்கு நடந்த கொடுமையை நாம் யாரும் மறக்கக் கூடாது. பள்ளிக்கு வெளியிலிருந்து யார் வருகிறார்கள், அவர்கள் யார் என்று சரிபார்த்தவர் யார் என்ற ஒரு கேள்வியை நேரத்தில் கேட்டிருந்தாலே அந்தப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்.

ஆகையால் கேளுங்க, கூச்சப்படாமல் கேளுங்க. முகாமை நடத்துவது பள்ளியா, வேறு யாராவதா? அனுமதிக் கடிதத்தைக் கண்ணில் காட்டுவார்களா? பெண் பிள்ளைகள் படுக்கிற அதே கூடத்தில் எத்தனை ஆசிரியைகள் படுக்கிறார்கள்? கழிப்பறைக்கு ராத்திரி யார் துணை? சமையல்காரர், ஓட்டுநர், பயிற்சியாளர் என்று வெளியாட்கள் யார் யார், அவர்கள் ராத்திரி எங்கே தங்குவார்கள்? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற பள்ளி என்றால் அனுப்புங்க. சுளித்தால் வேண்டாம், மகள் அழுதாலும் வேண்டாம்.

பள்ளிக்கும் ஒரு வார்த்தை. இதை வகுப்பறை வேலையாகவே செய்யலாம். கிளம்பும் முன் ஒரு பாடவேளை, ஆண் பெண் இருபாலருக்கும்: யாராவது "இதை யாரிடமும் சொல்லாதே" என்றால் உடனே சொல்ல வேண்டிய மூன்று பேர் யார் என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுதட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லாருக்கும் மனப்பாடமாகட்டும். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்க, தனியாக யாரும் எங்கும் போவதில்லை. மாதவிடாய் நாளாக இருந்தால் என்ன செய்வது என்று ஆசிரியை தாமாகவே பேச்செடுத்து, பையில் என்னென்ன இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும். இது தெரியாததாலேயே வீட்டில் நின்றுவிடுகிற பிள்ளைகள் உண்டு.

ஆறாம் வகுப்பு மாணவி, காங்கேயம்: காட்டுல ராத்திரி பேய் கத்துமாமே, நிஜமா?

கத்துவது நிஜம் அம்மிணி, பேய் இல்லை. ஆந்தை, பக்கி, கடமான், சிள்வண்டு, தவளை. கடமான் பயந்தால் திடீரென்று ஹாரன் அடித்த மாதிரி ஒரு குரல் கொடுக்கும், தூக்கிவாரிப் போடும். பக்கத்தில் சிறுத்தையோ புலியோ நடமாடுகிறது என்று மற்ற மான்களுக்கு அது விடுகிற எச்சரிக்கை. உங்க டீச்சரிடம் சொல்லி இந்தக் குரல்களை இணையத்தில் தேடி வகுப்பில் ஒலிக்க விடச் சொல். பத்துக் குரலை அடையாளம் தெரிந்துவிட்டால் அப்புறம் ராத்திரி முழுக்க "அது யாரு? இது யாரு?" என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பாய். பயப்பட நேரம் இருக்காது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், கரூர்: கேம்ப் ஃபயர் இல்லாமல் என்ன முகாம்?

தம்பி, 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை நம் மாவட்டங்களின் குடும்பங்கள் அனுபவித்து அறிந்திருக்கின்றன. புலிகள் காப்பகத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வட்டமாக நிற்க நெருப்பா வேண்டும்? வள்ளி கும்மி நம்ம மண்ணில் இருக்கிறது. இப்போது ஊர் ஊராகப் பயிற்சி நடக்கிறது, உங்கள் வகுப்பிலேயே நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். முகாமுக்கு முந்திய மாதம் உடற்கல்வி வகுப்பில் அடவு பழகிக்கொள்ளுங்கள். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு நட்சத்திர வெளிச்சத்தில் ஆடிப் பாருங்கள். தங்குமிடத்தில் அனுமதி கேட்டு, சத்தம் போடாமல், கைதட்டு மட்டும். இருட்டு இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் 2022 ஏப்ரலில் கோடிக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்கியதைப் பதிவு செய்தார்கள். ஆண் மின்மினி பெண்ணுக்குச் சொல்கிற சேதி அந்த மினுக்கல். டார்ச் அடித்தால் சேதி அறுந்துவிடும்.

அறிவியல் ஆசிரியை, கோவை: பல்லுயிரியம் என்ற சொல்லை மனப்பாடம் செய்கிறார்கள், ஒன்றும் ஏறவில்லை. முகாமோடு சேர்த்து நடத்த வழி உண்டா?

டாப்சிலிப்பைப் போல வேறெங்கும் வாய்க்காத வழி உண்டு. அங்கே தேக்குத் தோட்டமும் கரியன் சோலையும் அருகருகே இருக்கின்றன. ஒன்று மனிதன் வைத்தது, இன்னொன்று தானாக வந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆனைமலையில் தேக்கு வெட்டி, மலைச்சரிவில் உருட்டிவிட்டு, கப்பல் கட்டவும் ரயில்பாதைக்கும் கொண்டுபோனார்கள். வெட்டி வெட்டி மொட்டையான பிறகு வந்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. தேக்கை மறுபடி வளர்த்தெடுத்தார். கைத்தடியால் மண்ணைக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். 1933-ல் இறந்த அவரை அவர் விருப்பப்படியே அந்தத் தேக்குகளின் நடுவில் அடக்கம் செய்தார்கள். நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்ற பொருளில் கல்லறையில் லத்தீனில் எழுதியிருக்கிறது. பிள்ளைகளை அங்கே நிறுத்திச் சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்க.

இனி வேலை. நான்கு மீட்டர் கயிற்றை, பக்கத்துக்கு ஒரு மீட்டராகச் சதுரமாகக் கட்டிக்கொள்ளுங்க. முதலில் பள்ளி மைதானத்தில் போட்டு, உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ணச் சொல்லுங்க. பெயர் தெரிய வேண்டியதில்லை. இலை வேறு மாதிரி இருந்தால் வேறு வகை, அவ்வளவுதான். முகாமில் தேக்குக்குக் கீழே ஒரு சதுரம், அழைத்துப் போகிறவர் காட்டுகிற இடத்தில் சோலை ஓரத்தில் ஒரு சதுரம். திரும்பி வந்து மூன்றையும் கரும்பலகையில் பட்டை வரைபடமாக்குங்க. எதையும் பிடுங்கக் கூடாது, ஒரு விதைகூடப் பையில் போடக் கூடாது, வரைந்துகொள்வதோடு சரி.

அப்புறம் ஒரு விவாதம் வையுங்க: ஹ்யூகோ வுட் செய்தது காட்டைக் காப்பாற்றியதா, காட்டைத் தோட்டமாக்கியதா? இரண்டு பக்கமும் பேச எண்ணிக்கை கையில் இருக்கும். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், மொட்டை மலைக்கு அவர் தேக்கு எவ்வளவோ மேல் என்பேன். ஆனால் சோலையில் தேக்கு வைக்க யாராவது வந்தால் குறுக்கே படுப்பேன்.

ஆர்.எஸ்.புரத்தில் வனக்கல்லூரி வளாகத்துக்குள் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. முகாமுக்கு முந்திய வாரம் திறந்திருக்கும் நேரம் விசாரித்து ஒரு நடை கூட்டிப் போங்க. கோவையில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலர் உள்ளே போனதில்லை.

தலைமையாசிரியர், அரசு நடுநிலைப்பள்ளி, அவிநாசி ஒன்றியம்: பேருந்துக்கே காசில்லை. பெற்றோர் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் கூலி. எங்களுக்கெல்லாம் முகாம் ஆசைப்படலாமா?

ஆசைப்படலாம், நடத்தவும் நடத்தலாம், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே. 'டோட்டோ-சான்' படித்திருப்பீங்க சார். ஜப்பானில் கோபாயாஷி என்ற தலைமையாசிரியர் தன் பள்ளியின் கூட்ட அறைக்குள்ளேயே கூடாரம் அடித்துப் பிள்ளைகளை ராத்திரி தங்க வைத்தார். கூடாரத்துக்கு வெளியே மலையும் இல்லை, ஆறும் இல்லை. பிள்ளைகளுக்கு அது குறையாகத் தெரியவே இல்லை.

பகலில் தினமும் பார்க்கிற பள்ளி, ராத்திரியில் முற்றிலும் வேறு இடம். பொழுது சாய்ந்ததும் ஒரு பழைய வெள்ளை வேட்டியை இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டி, முன்னால் ஒரு பல்பைப் போடுங்க. ஒரு மணி நேரத்தில் விட்டில்கள் வந்து உட்காரும். சாம்பல் நிறம் என்று நினைத்த பூச்சியின் இறக்கையில் பச்சையும் ரோஸும் இருப்பதைப் பிள்ளைகள் முகத்தை ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். இறக்கையை விரித்து உட்காருகிறதா, மடக்கி உட்காருகிறதா? உணர்கொம்பு நூல் மாதிரியா, சீப்பு மாதிரியா? தொடாமல், வரைந்து, எண்ணிக்கை போட்டு, ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டால் அவை தம் வழி பார்த்துப் பறந்துவிடும்.

அப்புறம் மொட்டை மாடிக்கு ஏற்றுங்க. நம் ஊர் ஏறத்தாழ 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் நம் வடக்கு அடிவானத்திலிருந்து அதே 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக, அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி, கொஞ்சம் கூட. அட்சரேகையைப் புவியியல் புத்தகத்தில் கோடாகப் பார்த்த பிள்ளை அதைத் தன் கையாலேயே அளந்துவிடுகிறது. மங்கலான நட்சத்திரம்தான், வடக்கே தெருவிளக்கு இல்லாத மூலையாகப் பாருங்க.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களிடம் கேளுங்க. சந்தகையோ, கம்மஞ்சோறோ, நீங்கள் கேட்டு அவர்கள் இல்லை என்று சொல்லப் போவதில்லை. இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளோடேயே படுத்துக்கொண்டால் பாதுகாப்புக்கும் ஆயிற்று. மேலிடத்தில் எழுத்தால் அனுமதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்க. விடியற்காலையில் நஞ்சராயன் குளம் பக்கமென்றால் நடந்தோ, நகரப் பேருந்திலோ போய்ப் பறவை பாருங்கள். 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த, உலகமே மதிக்கிற ஈரநிலம் உங்கள் பிள்ளைகளின் பக்கத்து ஊர்க் குளம்தான்.

ஒரு தாத்தா, தாராபுரம்: எங்க காலத்துல தோட்டத்துச் சாளை வாசல்ல கயித்துக் கட்டில் போட்டு தினமும் வானத்தைப் பாத்துத்தானுங்க படுத்தோம். இதுக்குப் போயி காசு கட்டி முகாமா?

உங்களுக்கு வேண்டியதில்லைங்க அப்புச்சி. உங்க பேரனுக்கு வேண்டும், அவன் மூன்றாவது மாடியில் ஜன்னலைச் சாத்திப் படுக்கிறான். முகாமுக்கு முன்னால் ஒருநாள் நீங்கள் அவன் வகுப்புக்குப் போங்க. பட்டியில் ஆடு அடைத்துக் காவல் படுத்தது, வெடியால நாலு மணிக்குக் கவலை இறைக்கப் போனது, மணி பார்க்காமல் நட்சத்திரத்தைப் பார்த்தே நேரம் சொன்னது, எல்லாவற்றையும் பிள்ளைகள் கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆசிரியர்களே, ஊருக்கு ஊர் இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கிறார்கள். கூப்பிட ஆள் அனுப்புங்கள், அவர்களாக வரமாட்டார்கள்.

ஆசிரியர், திருப்பூர்: வகுப்பில் ஒரு டஜன் பேர் முகாமுக்கு வரமுடியவில்லை. மற்றவர்கள் திரும்பி வந்து கதை சொல்லும்போது இவர்கள் முகம் வாடிவிடுகிறது.

நல்லவேளை கேட்டீங்க, பலர் கவனிப்பதே இல்லை. போகாதவர்களை 'தளக் குழு' என்று நியமியுங்கள். அவர்கள் இல்லாமல் முகாமின் முடிவுகள் நிறைவடையக் கூடாது.

எப்படி என்றால், இரண்டு வெப்பமானி, ஒன்று முகாமுக்கு, ஒன்று பள்ளிக்கு. மாலை ஆறு, ராத்திரி ஒன்பது, காலை ஆறு என்று ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் குறிக்கட்டும் (பள்ளியில் இல்லாத நேரம் வீட்டில்). மலையில் 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. இரு குழுவும் சேர்ந்து தங்கள் வித்தியாசத்தை வைத்து முகாம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கணக்கிட்டு, வரைபடத்தோடு ஒப்பிடட்டும். முழுசாகப் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்பதில்தான் நல்ல பாடம்: மேகமா, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றா, திருப்பூரின் கான்கிரீட் சூடா? அதேபோல் காலை ஆறரையிலிருந்து ஏழு வரை முகாமிலும் ஊர்க் குளத்தங்கரையிலும் பறவை எண்ணிக்கை. காட்டில் போன குழுவைவிடக் குளத்தங்கரைக் குழு அதிகம் பார்த்திருக்கும் வாய்ப்பே அதிகம். அடர்ந்த காட்டில் பறவையைக் கேட்கலாம், பார்ப்பது கடினம். அன்று வாடிய முகம் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். வராதவர்களில் பணத்தால் நின்றவர்கள் எத்தனை பேர்? அதைப் பிள்ளைகளிடம் கேட்காமல் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள். முடிந்தால் தொகையைப் பள்ளியே கட்டட்டும், வெளியில் தெரிய வேண்டாம்.

சமூக அறிவியல் ஆசிரியை, உடுமலை: முகாமில் ராத்திரி மலைவாழ் மக்களின் நடனம் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

அவர்களாக விரும்பி, உரிய சம்பளத்தோடு ஆடினால் தடையில்லை. ஆனால் ஆட்டம் மட்டும்தானா அவர்களிடம் இருக்கிறது? ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், எரவாளர், புலையர் என்று பல சமூகத்தார் வாழ்கிறார்கள். யானைப் பாகன்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், வழிகாட்டிகள் என்று அந்தக் காட்டை நடத்துவதே பெரும்பாலும் அவர்கள்தான். ஒரு மணி நேரம் ஆசிரியராக வரச் சொல்லுங்கள். தேன் எடுப்பது எப்படி, தடம் பார்ப்பது எப்படி என்று அவர்கள் சொல்ல, நீங்களும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள்.

போகும் முன் வகுப்பில் 2006-ன் வன உரிமைச் சட்டத்தைப் பற்றி ஒரு பாடம் எடுங்க. 2019 மழையில் மண்சரிவால் குடியிருப்பை இழந்த கல்லார்க் காடர் குடும்பங்கள், போராடி 2021-ல்தான் தெப்பக்குளமேட்டில் இடம் பெற்றார்கள். சொந்தக் காட்டிலேயே வீட்டுக்கு இடம் கிடைக்க ஏன் இரண்டு வருஷம் ஆயிற்று என்று பிள்ளைகள் கேட்டால் பாடம் சரியாகப் போயிருக்கிறது என்று பொருள்.

ஆசிரியர், வால்பாறை: எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியிலேயே யானை பார்க்கிறார்கள். இவர்களை எந்தக் காட்டுக்கு முகாம் கூட்டிப் போவது?

உங்கள் பிள்ளைகள் முகாமுக்குப் போக வேண்டியவர்கள் இல்லை, நடத்த வேண்டியவர்கள். யானை பக்கத்தில் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்குகள் எங்கெங்கே இருக்கின்றன, செல்போனுக்கு எச்சரிக்கை எப்படி வருகிறது, புதுத்தோட்டம் சாலையில் சிங்கவால் குரங்குகள் கடக்கக் கட்டிய தொங்கு பாலங்களை அவை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று இவர்கள் வரைந்து விளக்கட்டும். சமவெளிப் பள்ளி ஒன்றோடு ஜோடி சேருங்க. அவர்கள் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி உங்களிடம் வரட்டும், அடுத்த மாதம் உங்கள் பிள்ளைகள் இறங்கிப் போய் நொய்யலைப் பார்க்கட்டும். வெள்ளியங்கிரியில் தெளிந்து பிறக்கிற ஆறு, திருப்பூரைத் தாண்டியதும் என்ன நிறமாகிறது என்று மலைப் பிள்ளைகள் பார்த்தே ஆக வேண்டும்.

மாணவி, மேட்டுப்பாளையம்: முகாமுக்கு என்ன தின்பண்டம் கொண்டு போகலாம்?

கடலை உருண்டை, கச்சாயம், முறுக்கு, எல்லாம் டப்பாவில். பாக்கெட் எதுவும் வேண்டாம். 2025-ல் மருதமலை அடிவாரத்தில் இறந்துபோன கர்ப்பிணி யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. கிளம்பும் முன் ஒரு வாரம், உங்கள் வகுப்பில் தினமும் சேரும் பாக்கெட் உறைகளை ஒரு சாக்கில் போட்டு எடை பாருங்கள். அந்தச் சாக்கு வகுப்பு மூலையிலேயே இருக்கட்டும்.

தலைமையாசிரியை, சத்தியமங்கலம்: எல்லாம் சரி. எந்த மாதம் போவது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆனைமலையில் மழையும் அட்டையும். பிப்ரவரியிலிருந்து காட்டுத்தீக் காலம், அனுமதி கிடைப்பதே சந்தேகம், கிடைத்தாலும் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் நமக்கு மழை. அரையாண்டுத் தேர்வு முடிந்த ஜனவரி முதல் பாதிதான் என் தேர்வு. வானம் துடைத்து வைத்தது போல் இருக்கும், ராத்திரி ஒன்பது மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் உச்சியில் நிற்கும். காலண்டரில் அமாவாசை பார்த்து அதை ஒட்டித் தேதி வையுங்க. முகாமில் பறவை பார்க்கப் பழகிய கண்ணோடு ஊர் திரும்பினால், 2015-லிருந்து வருஷா வருஷம் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு காத்திருக்கும். பட்டிப்பொங்கலன்று அவரவர் தோட்டத்திலும் குளத்திலும் கால் மணி நேரம் எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும்.

முன்பதிவு, அனுமதி, பெற்றோர் கூட்டம் எல்லாவற்றையும் செப்டம்பரில் தொடங்கிவிடுங்க. கேள்வித் துண்டுத்தாள்களை டிசம்பர் முதல் வாரத்திலேயே எழுத வைத்துவிடுங்க, தேர்வு நெருங்கிவிட்டால் நடக்காது. வெப்பமானி இரண்டும் வாங்கியதும் ஒரே இடத்தில் வைத்து ஒரே அளவு காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்க.